லிஃப்ட் அஃறிணை அல்ல

ஜூன் 9, ஞாயிறு

முதல் மழை. புனேயின் வாகட் முழுவதும் சேறு. எங்கள் கட்டட வாசலில் மட்டும் குளம். வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்ட் 31-ல் முடிகிறது. இந்த வீட்டில் இது ஒன்பதாவது ஒப்பந்தம். ஒவ்வொன்றும் பதினோரு மாதம். வாடகைக்காரனுக்கு ஆண்டு என்பது இங்கே பதினோரு மாதம்தான். அந்தக் கணக்கில் எனக்கு எப்போதோ ஓய்வு கொடுத்திருக்க வேண்டும்.

பதினான்காவது விதி: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. காற்று அடிக்கும் நாட்களில் எங்களுக்குத் தேதி தெரியாது.

ஜூன் 12

காலை நடைக்குப் போகும்போது கீழே ஒரு பாட்டி ஒட்டினேன். மராத்தியில் பாட்டி என்றால் அறிவிப்புப் பலகை. வந்த புதிதில் வீட்டுச் சங்கத்தின் சேர்மன் ஆப்டே காகா (காகா என்றால் சித்தப்பா), "பாட்டி பார்த்தீர்களா?" என்று கேட்டார். "எங்கள் வீட்டில் மூன்று பேர்தான், பாட்டி கோயம்புத்தூரில்" என்று பதில் சொன்னேன். அது இன்னும் கட்டடத்தில் உலவுகிறது.

மற்ற ஊர்களில் பலகை அறிவுறுத்தும். புனேயில் பலகை அவமானப்படுத்தும், மரியாதை குறையாமல். இன்று நான் மராத்தியில் எழுதியது: "படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் சைக்கிள் மூன்று வருடமாக மாடி ஏறக் காத்திருக்கிறது. எந்த மாடி என்று தெரிந்தால் தூக்கிவிடுவோம்."

ஏறக்குறைய மாதம் ஒன்று, மூன்று வருடமாக. யாருக்கும் தெரியாது. மனைவி கிரிஜாவுக்குக்கூட. பதினாறு வீட்டுக்காரர்களும் இதை எழுதுவது ஆப்டே காகா என்று நம்புகிறார்கள். அவர் இந்த ஊரிலேயே பிறந்தவர். மறுப்பதில்லை, மீசைக்குள் சிரித்துக்கொள்கிறார். ஹிஞ்சவடி அலுவலகத்தில் நான் எழுதும் இயந்திரக் கையேடுகளை யாரும் உறை பிரித்ததில்லை. இங்கே பால்காரர் நின்று படிக்கிறார். அது போதும். போதுமா?

ஜூன் 24

லிஃப்ட் பதினோரு நாளாக ஓடவில்லை. முழங்கால் வலியோடு எழுதியதால் கொஞ்சம் காரமாக வந்துவிட்டது: "லிஃப்ட் பழுதாகிவிட்டது. கமிட்டி பழுதாகவில்லை, அது ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான்."

பிற்பகலுக்குள் பலகையைச் சுற்றிக் கூட்டம். நானும் நின்று படித்து, தலையாட்டி, "காகா இந்த முறை அதிகம் போய்விட்டார்" என்றேன்.

ஜூன் 26

மகள் வைஷு பள்ளியிலிருந்து வந்து ஷூவைக் கழற்றாமலே சிரித்தாள்.

"அப்பா, கீழ பாட்டி பாத்தியா? அது ஆப்டே காகா எழுதல. எவனோ சவுத் இண்டியன்."

"எப்படிம்மா சொல்றே?"

"லிஃப்ட் கெட்டுப்போச்சுங்கறதுக்கு 'பிகட்லம்' போட்டிருக்கான்! 'பிகட்லீ'ன்னு வரணும். லிஃப்ட் லேடீஸ்."

இறங்கிப் போய்ப் பார்த்தேன். என் எழுத்தின் மேல் யாரோ சிவப்புப் பேனாவால் 'லம்' என்பதை அடித்து 'லீ' போட்டிருந்தார்கள்.

தமிழில் அறிவில்லாததெல்லாம் அஃறிணை. மராத்தியில் அஃறிணை இருக்கிறது, ஆனால் அதை அறிவில்லாதவைக்குக் கொடுப்பதில்லை. நாற்காலி பெண். வண்டி பெண். லிஃப்ட் பெண். வீடு மட்டும் அஃறிணை. எது எந்தப் பால் என்று யார் முடிவு செய்தார்கள் எனக் கேட்டால் சிரிக்கிறார்கள்.

ஜூன் 30, ஞாயிறு

வீட்டுச் சொந்தக்காரி பெங்களூரிலிருந்து பேசினாள். வீட்டை விற்கிறாள். முதல் வாய்ப்பு எங்களுக்கு. ஒப்பந்தம் முடிவதற்குள் பத்திரம் ஆகாவிட்டால் இன்னொருவர் தயாராக இருக்கிறார்.

கிரிஜா போனை என்னிடமிருந்து வாங்கி, "நாங்களே எடுத்துக்கறோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு சமையலறைச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் காப்பி கேட்கவில்லை.

ஜூலை 8

வங்கியில் எல்லாம் சரி. ஒன்றுதான் பாக்கி: வீட்டுச் சங்கம் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று தரும் கடிதம். அதைக் கமிட்டி தர வேண்டும். எந்தக் கமிட்டி என்று எழுதத் தேவையில்லை.

ஜூலை 21

செயலாளர் ராஜஸ்ரீ தாயியிடம் விண்ணப்பம் கொடுத்தேன். (தாயி என்றால் இங்கே அக்கா. உறவுகளை ஒரு படி இறக்கிவிடுகிறது மராத்தி.) பள்ளியில் முப்பது வருடம் மராத்தி கற்பித்தவர். கண்ணாடியை இறக்கி விண்ணப்பத்தை முழுவதும் படித்தார். ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன்.

"ஏன் கோவிந்தராவ், மராத்தியில் எழுதக் கூடாதா?"

கோவிந்தராஜன் என்பது இரண்டாம் மாடி வருவதற்குள் கோவிந்தராவ் ஆகிவிடும். "தப்பு வரும் தாயி" என்றேன்.

"வரும்" என்றார்.

ஆகஸ்ட் 4

கூட்ட அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஆகஸ்ட் 18, ஞாயிறு. பொருள் ஒன்று: 203-க்கு, அதாவது எங்களுக்கு, ஆட்சேபணையின்மைக் கடிதம். பொருள் இரண்டு: கமிட்டியை அவமதித்த பலகையை எழுதியவரைக் கண்டுபிடித்து நடவடிக்கை.

இரண்டும் ஒரே தாளில். அறிவிப்பில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

ஆப்டே காகா வாசலில் ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொல்கிறார்: "நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் லிஃப்டை அஃறிணை ஆக்கியிருப்பேனா? எனக்கென்ன மண்டை குழம்பியிருக்கிறதா?" அவமதிப்பைவிட இலக்கணம்தான் அவருக்கு வலிக்கிறது. அந்த அளவில் அவரை மதிக்கிறேன்.

ஆகஸ்ட் 10

காகா துப்பறிந்துவிட்டார். இப்படி எழுதக்கூடியவர்கள் மதராஸிகள். கட்டடத்தில் அவர்கள் இரண்டு வீடு: 203, 302. 203 குடும்பஸ்தன், பேப்பர் படிக்கிறவன், வீடு வாங்கப் போகிறவன். ஆகவே 302.

302 முகமது ரஃபீக். ஆம்பூர்ப் பையன், தனியாக இருக்கிறான், இரவு ஷிஃப்ட். அவனுடைய வீட்டுக்காரரிடம் காகா பேசிவிட்டார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை.

தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. முடிவு மட்டும்தான் தப்பு.

ஆகஸ்ட் 11

டீக்கடையில் ரஃபீக்கைப் பிடித்தேன்.

"என்ன தம்பி, காகா ஏதோ சொன்னாராமே."

"ஆமாண்ணா. எனக்கு மராத்தியில பேரே எழுத வராது. சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு."

"நீ வேற யாரையாவது சந்தேகப்படறியா?"

டீயை ஊதினான். "நான் காலையில அஞ்சரைக்குத்தாண்ணா ஷிஃப்ட் முடிஞ்சு வருவேன்."

நான் பலகை ஒட்டும் நேரம்.

"சைக்கிள் மேட்டரு சூப்பருண்ணா. வைஷுதான் அர்த்தம் சொல்லிச்சு."

"நீ ஏன்டா அவர்கிட்ட சொல்லல?"

"உங்களுக்குப் போறது வீடுண்ணா. எனக்குப் போறது ரூமு. ஹடப்சர்ல ஃப்ரெண்டு இருக்கான், பாத்துக்கலாம்."

டீக்குக் காசும் அவனே கொடுத்துவிட்டான்.

ஆகஸ்ட் 12

மழை. அலுவலகம். எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 13

இருக்கிறது. பதினெட்டாம் தேதிவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் கடிதம் வரும். பத்திரம் முடிந்தபிறகு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம். அதற்குள் ரஃபீக் பெட்டி கட்டியிருப்பான், நான் போனில் வருத்தம் தெரிவிக்கலாம். இந்த ஏற்பாட்டை வேறு யாராவது செய்திருந்தால் அதற்கு ஒரு பாட்டி எழுதியிருப்பேன். என்ன வாசகம் என்றுகூடத் தோன்றிவிட்டது. அதுதான் தூங்க விடவில்லை.

ஆகஸ்ட் 14

கிரிஜாவிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அந்தக் குப்பையப் பத்திப் போட்டிருந்த பலகையும் நீங்கதானா?"

"ஆமா."

"நான் அதப் படிச்சுட்டு உங்ககிட்ட வந்து சிரிச்சேனே. பேசாம கேட்டுட்டு இருந்தீங்களே!"

"அது... நல்லா இருந்துச்சு. நீ சிரிச்சது."

"எட்டு வருசமுங்க. ஒரு ஆணி அடிக்காம இருந்திருக்கேன். எங்கப்பா படத்தக்கூட ஃப்ரிட்ஜ் மேல சாச்சு வெச்சிருக்கேன். நீங்க என்னடான்னா கமிட்டிக்காரங்களக் கிண்டல் பண்ணிட்டு இருந்திருக்கீங்க."

சொல்ல என்ன இருக்கிறது — எனக்கு மூன்று வருடம் வாசகர்கள் கிடைத்தார்கள் என்றா?

கத்தியைக் கழுவி வைத்தாள்.

"அந்தப் பையன் எப்ப காலி பண்ணணுமாம்?"

"மாசக் கடைசி."

"அப்ப நாளைக்கே எழுதிப் போடுங்க. கொடியேத்தறதுக்கு எல்லாரும் இறங்கி வருவாங்கல்ல." கதவுவரை போய்த் திரும்பினாள். "தப்பில்லாம எழுதுங்க. வைஷுகிட்டக் காட்டிட்டு ஒட்டுங்க."

ஆகஸ்ட் 15

கொடியேற்றம். கொடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டடம் முழுவதும் பலகையைப் படித்தது.

"லிஃப்டைப் பற்றி எழுதியது 203. மூன்று வருடமாக எழுதுவதும் 203. 302-க்கு மராத்தி தெரியாது. 203-க்கும் தெரியாது என்பது 203-க்குத் தாமதமாகத் தெரிந்தது. — கோவிந்தராஜன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆப்டே காகா என்னைப் பார்க்காமல் ஜிலேபி கொடுத்தார். கொடுத்தாரே தவிர, கையில் வைக்கவில்லை, தட்டை நீட்டினார்.

ஆகஸ்ட் 17

இன்னொருவர் முன்பணத்தோடு காத்திருப்பதாக வீட்டுச் சொந்தக்காரியிடமிருந்து செய்தி. கிரிஜா ஹடப்சரில் வாடகை வீடு விசாரித்தாள். என்னிடம் சொல்லவில்லை. போன் மேசைமேல் இருந்தது, பார்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வாடகைக்காரர்களுக்குக் கூட்டத்தில் இடமில்லை. நாங்கள் மூன்று பேரும் மேலே உட்கார்ந்திருந்தோம். பதினொன்றரைக்குக் கீழே பெரிய சிரிப்பு. பிறகு அமைதி. பிறகு இன்னொரு சிரிப்பு. எனக்கு அவமதிப்பு என்றால் என்ன என்று அப்போதுதான் புரிந்தது: நாம் இல்லாத இடத்தில் வருகிற சிரிப்பு.

ஒரு மணிக்கு ராஜஸ்ரீ தாயி படியேறி வந்தார். மூச்சு வாங்கியது, லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. கையில் ஒரு கோப்பு. அதில் என் பலகைகள் முப்பத்தாறும் தேதிவாரியாக, சிவப்புத் திருத்தங்களோடு. இதுவரை மழையும் காற்றும்தான் அவற்றைக் கொண்டுபோனதாக நினைத்திருந்தேன்.

"முதல் மாதமே தெரியும் கோவிந்தராவ். சைக்கிள், லிஃப்ட், கட்டடம் — பெண்கள் எல்லாரையும் அஃறிணை ஆக்கி வைத்திருக்கிறீர்கள். மராத்திக்காரன் அப்படிச் செய்ய மாட்டான். ரஃபீக்குக்கு மராத்தி எழுத்தே தெரியாது."

"தெரிந்தும் ஏன் தாயி சொல்லவில்லை?"

"இன்றுவரை பார்ப்பது என்று இருந்தேன். நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் நான் சொல்லியிருப்பேன். அப்போது இந்தக் கடிதத்தில் என் கையெழுத்து இருந்திருக்காது."

கடிதத்தைக் கிரிஜாவிடம் கொடுத்தார். என்னிடம் அல்ல.

கூட்டத்தில் பலகைகள் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினாராம். சைக்கிள் வந்தபோது ஆப்டே காகா எழுந்து, "அந்தச் சைக்கிள் என்னுடையது" என்றாராம். அதுதான் முதல் சிரிப்பு. 302-இன் வீட்டுக்காரரிடம் தானே பேசிவிடுவதாகவும் சொல்லியிருக்கிறார்.

"இரண்டாவது சிரிப்பு எதற்கு?" என்றேன்.

"அது தீர்மானம். சேர்மனே கொண்டுவந்தார். 203 உறுப்பினர் ஆன நாளிலிருந்து கமிட்டியில் சேர வேண்டும். லிஃப்ட் பொறுப்பு அவருக்கு."

பழி வாங்குவதில் காகா என்னைவிடத் தேர்ந்தவர்.

ஆகஸ்ட் 29

பத்திரம் முடிந்தது. கட்டைவிரலில் மை இன்னும் போகவில்லை.

ஆகஸ்ட் 30

கிரிஜா ஆணி அடித்தாள். மூன்று. ஒன்றில் அவள் அப்பா, ஒன்றில் காலண்டர். மூன்றாவது எதற்கு என்று கேட்டேன். "சும்மாதானுங்க" என்றாள்.

செப்டம்பர் 6

ரஃபீக் பிள்ளையார் பந்தலுக்கு மூங்கில் பிடித்துக்கொண்டிருந்தான். காகா அவனுக்கு மராத்தி எழுத்து சொல்லிக்கொடுக்கிறாராம். மாணவன் இலக்கணத்தில் என்னைப்போல் ஆகிவிடக் கூடாது என்பது ஒரே நிபந்தனை.

அக்டோபர் 20, ஞாயிறு

லிஃப்ட் ஆறு நாளாக நிற்கிறது. மெக்கானிக்குக்கு நாற்பது தடவை போன் செய்துவிட்டேன். வந்து பார்த்து, "பாகம் வரணும்" என்கிறான். எங்கிருந்து வரணும் என்று அவனுக்கும் தெரியாது.

காலையில் கீழே ஒரு புதிய பாட்டி. நான் எழுதியதல்ல. அச்சுப்போன்ற கையெழுத்து, ராஜஸ்ரீ தாயியுடையது: "லிஃப்ட் பழுதாகிவிட்டது. லிஃப்ட் பொறுப்பாளர் பழுதாகவில்லை, வாங்கும்போதே இப்படித்தான்."

பால்காரர் நின்று படித்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாம் முறை படித்தபோது கவனித்தேன். என்னுடைய 'பிகட்லம்' அப்படியே இருந்தது. முப்பது வருடம் மராத்தி கற்பித்தவர்.

மேலே போய் வைஷுவின் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பலகைமுன் மூடியைக் கழற்றினேன். மூடியைத் திரும்பப் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மெக்கானிக்குக்கு நாற்பத்தோராவது போன் செய்தேன்.