போன் பேசியதற்கு அபராதம்

அன்பு மகன் ஹெனோக்குக்கு, பஹர் தாரிலிருந்து அம்மா எழுதுவது. நான் சுகம், முழங்கால் மட்டும் மழைக்கு முனகுகிறது. டென்வரில் நீ சுகமாக இருக்க மாதா துணை இருக்கட்டும். போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய், சொல்கிறேன்.

அமெரிக்கக் குடியுரிமைக்கு மனு போடப் போவதாகவும், கார் ஓட்டும்போது போன் பேசியதற்குப் போலீஸ் அபராதம் போட்டதை அதில் எழுதுவதா வேண்டாமா என்று குழம்புவதாகவும் போன ஞாயிறு சொன்னாய். யாருடன் பேசினாய் என்றதற்கு, "யாரோ ஒரு பொண்ணுகிட்டம்மா" என்று சிரித்தாய். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக் கசாஹுனைக் காபிக்குக் கூப்பிட்டு, என் மகனுக்குப் பெண் அமைந்துவிட்டது என்றேன். அவர் டிராபிக் போலீஸாக இருந்தவர் இல்லையா, என்றைக்கு நடந்தது என்று விசாரித்தார். புஹே பண்டிகைக்கு மறுநாள் என்று நீ சொன்னதைச் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அன்னிக்குத்தானே பையன் பேச்சு பாதியில போனை வச்சிட்டான்னு எங்க வீட்டுல வந்து அழுத? அந்தப் பொண்ணு நீதான், முலு" என்றார்.

அன்று நான் கூப்பிட்டதற்கு ஒரு காரணமும் இல்லையடா. மழை விடவில்லை, மூன்றாம் சுற்றுக் காபி ஊற்றியபோது குடிக்க ஆள் இல்லை, உன் குரல் கேட்கத் தோன்றியது, அவ்வளவுதான். உனக்கு அது வேலைக்குப் போகும் நேரம் என்று யோசிக்கவே இல்லை. இனி நான் கூப்பிட மாட்டேன், எழுதுகிறேன். சின்ன அபராதம், கட்டியாயிற்று, விட்டுவிடு என்று உன் நண்பன் ஒருவன் சொல்வதாகவும் சொன்னாயே. அவன் பேச்சைக் கேட்காதே, மனுவில் கேட்டிருக்கிறார்கள் என்றால் ஒன்று விடாமல் எழுது. தப்புச் செய்தவனை விட்டிருக்கிறேன், மறைத்தவனை விட்டதில்லை என்கிறார் கசாஹுன். அவர் யார் யாரை விட்டார் என்பது ஊருக்கே தெரியும், ஆனாலும் இதில் அவர் சொல்வது சரி.

அந்த நாட்டுக்காரன் ஆகிவிட்டால் நம் எத்தியோப்பியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாமே. பெற்றவளைப் பார்க்க விசா வாங்கிக்கொண்டு வருவாயா? நேற்று உனக்காக வேண்டிக்கொள்ள மாதா கோயிலுக்குப் போனேன். குடியுரிமை கிடைக்கட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. மறுத்துவிட்டால் வீட்டுக்கு வந்துவிடுவானே என்று ஒரு நினைப்பு, அப்படி வேண்டவும் பயம். மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன்.

எந்த நாட்டில் இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு. அபராதத்தை மறைக்காதே. காரில் ஏறியதும் போனை அணைத்துவிடு, நான் கூப்பிட்டாலும் எடுக்காதே.

உன் அம்மா,
முலுனெஷ்