உன் வண்டிக்கு ரெண்டு சங்கிலி

நகரி
ஐப்பசி மாசம், ஞாயித்துக்கிழமை

அன்பு மவ தாட்சாயணிக்கு அம்மா தனபாக்கியம் எழுதறது. நானும் உங்க நைனாவும் இங்க நோய்நொடி இல்லாம நடமாடிக்கினு இருக்கோம், கனடாவுல நீயும் மாப்பிள்ளையும் கொழந்தையும் அந்தப் பனியில சளி காய்ச்சல் வராம சொகமா இருக்கணும்னு வெளக்கு ஏத்தறப்போ எல்லாம் சாமிகிட்ட சொல்லிக்கினுதான் இருக்கேன். சேமம் கேட்டாச்சு. இனிமே உன்னைத் திட்டப் போறேன், உக்காந்து படி. போன்லியே திட்டலாம்னு ரெண்டு தபா எடுத்தேன், நீ அம்மான்னு கூப்பிட்டதுமே எனக்குக் கோவம் எங்கியோ ஓடிடுது, கொழந்தைய வேற காட்டிடறே, அப்புறம் இன்னா துன்னேன்னு கேட்டுட்டு வெச்சுடறேன். அதான் நோட்டுல எழுதி போட்டோ புடிச்சு வாட்ஸாப்புல அனுப்பறேன். எழுத்து கோணலா இருந்தா அது கண்ணாடி மாத்தாததால.

செவ்வாக்கிழமை காலையில நம்ம ஜெனரேட்டர் வண்டி பிக்கப்பை விட்டுக் கழண்டுக்கினு தனியா ஓடிடுச்சு. உன் தம்பி எழிலரசன் உன்கிட்ட சின்ன ரிப்பேருன்னு சொல்லியிருப்பான், எனக்குத் தெரியும், அவன் எதையும் பெருசா சொல்ல மாட்டான். நடந்ததை நான் சொல்றேன் கேளு. திருப்பதியில ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாடகைக்கு ஜெனரேட்டரை இழுத்துக்கினு போயிருக்கான். புத்தூர் தாண்டி வடமாலைப்பேட்டைக்கு முன்னால ரோடு இறக்கமா போகுது பாரு, அங்க ஒரு வேகத்தடையில ஏறி எறங்கினதும் பின்னால டமால்னு சத்தம் கேட்டிருக்குது. பிரேக்கு போட்டுட்டு சைடு கண்ணாடியில பாக்கறான், ஜெனரேட்டர் இவனுக்குப் பக்கவாட்டுல வந்துக்கினு இருக்குது. ஒன்னேகால் டன் இரும்பு, அதுக்குப் பிரேக்கும் கிடையாது ஆளும் கிடையாது, அதுபாட்டுக்கு இவனை முந்திக்கினு போய் அம்மன் கோயில்கிட்ட புளியமரத்துல மோதி நின்னுச்சு. அந்த மரத்தடியில ரத்தினம்மான்னு ஒரு அம்மா தெனம் பூ கட்டி விக்கறாங்க. அவங்க உக்கார்ற ஸ்டூலு மரத்துக்கும் வண்டிக்கும் நடுவுல நசுங்கி அப்பளமா கெடந்துச்சு. அந்தம்மா எதிர்ல டீ குடிக்கப் போயிருந்தாங்க. அவ்ளோதான், ஒரு டீ. மறுநாள் நானும் நைனாவும் பஸ் புடிச்சுப் போய்ப் பாத்தோம், புதுசா ஒரு ஸ்டூலும் கூடையும் வாங்கிக்கினு போனேன். என் வயசுதான் இருக்கும். நம்மளை நாலு வார்த்தை திட்டியிருந்தா எனக்கு மனசு ஆறியிருக்கும். அந்தம்மா என் கையப் புடிச்சுக்கினு, நேனு டீக்கி வெள்ளானு அம்மா, டீக்கி வெள்ளானுன்னு, டீக்குப் போயிட்டேம்மான்னு தெலுங்குல அதையே சொல்லிக்கினு இருந்தாங்க. பஸ்ல திரும்பி வர்றப்போ எனக்கு வயிறு எரிஞ்சுக்கினே வந்துச்சு.

எரிஞ்சது யார் மேலன்னு கேளு, உன் மேலதான். டிராக்டரை வித்துட்டோம், இனிமே ஜெனரேட்டரைப் பிக்கப்புலதான் இழுக்கணும், அதுக்கு இன்னா இன்னா மாட்டணும்னு தம்பி கேட்டப்போ ஒரு மணி நேரம் வீடியோவுல பாடம் எடுத்தது யாரு? நான் அடுப்பை அணைச்சுட்டு வந்து பக்கத்துல நின்னு கேட்டேன், எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. மொதல்ல இழுக்கப் போற வண்டி எவ்ளோ எடைன்னு எடை போட்டுப் பாக்கணும், அதுக்கு அப்புறம்தான் சாமான் வாங்கணும்னு சொன்னே. ஜெனரேட்டரை மாட்டற கொக்கிக் கம்பிய பம்பர்ல மாட்டக் கூடாது, அடியில இருக்கிற சேஸுல போல்ட்டு போட்டு முடுக்கணும்னு சொன்னே. பிக்கப்புல இருக்கிற இரும்பு உருண்டையும் ஜெனரேட்டர் வண்டியில அதை மூடற கிண்ணமும் ஒரே அளவா இருக்கணும், உருண்டை கொஞ்சம் சின்னதா இருந்தாலும் பள்ளத்துல எகிறிக்கினு வந்துடும்னு சொன்னே. பின்னால வர்ற வண்டிக்கும் சிவப்பு லைட்டு எரியணும்னு சொன்னே. எல்லாம் சொல்லிட்டு, எது போனாலும் வண்டி கழண்டு ஓடாம இருக்க ரெண்டு சங்கிலி, குறுக்கால மாட்டணும், அது இல்லாம கேட்டை விட்டு வெளிய எடுக்காதேன்னு சொன்னே. சொன்னியா இல்லையா?

வெல்டிங் பட்டறை ரங்கையாகிட்ட போனப்போ உன் தம்பி பம்பர்லியே ஒட்டிக் குடுத்துடு, அர்ஜெண்டுன்னான். அந்த மனுஷன் அஞ்சாங்கிளாஸ் படிச்சவரு, முடியாதுன்னுட்டாரு. பம்பர் அழகுக்கு இருக்குது, இழுக்கறதுக்கு இல்ல, வேணும்னா வேற பட்டறை பாத்துக்கோன்னு சாமானைத் தூக்கி வெளிய வெச்சுட்டாரு. அவரால அது ஒண்ணு ஒழுங்கா நடந்துச்சு. உருண்டையும் அளவு பாத்துதான் வாங்கினான். லைட்டுக்குப் பதிலா சிவப்பு ஸ்டிக்கரு ஒட்டிக்கினான். சங்கிலி மாட்ட வளையம் வைக்கணும், அதுக்கு ரங்கையா இன்னொரு நாள் வண்டிய விடச் சொன்னாரு, இவனுக்குப் பொறுமை இல்ல, முகூர்த்த நாளு விடறதுக்கு மனசு வரலை. அப்போதான் உனக்குப் போன் போட்டான். நான் முற்றத்துல அவரைக்கா ஆஞ்சுக்கினு இருந்தேன், ஸ்பீக்கர்ல போட்டிருந்தான், ரெண்டு காதாலயும் கேட்டேன். அக்கா, லோக்கல்தான், மெதுவா போறேன், சங்கிலிய அப்புறம் மாட்டிக்கட்டுமான்னான். நீ, சரிடா, பக்கத்துலதானே, பாத்துப் போன்னே.

ஏன்டி சரின்னு சொன்னே? தெரியாதவ சொன்னா நான் விட்டுடுவேன். ரங்கையாவுக்கு இருந்த நெஞ்சழுத்தம் உனக்கு எங்க போச்சு? நீ ஏன் சொன்னேன்னும் எனக்குத் தெரியும். போன தபா நீ வந்து போனதுல இருந்து, அக்கா அங்க உக்காந்துக்கினு அதிகாரம் பண்றான்னு அவன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கினு இருந்தான், நீ அவன்கிட்ட நல்ல பேரு வாங்கப் பாத்தே. ஆடி மாசம் நீ அனுப்பின போட்டோ என் போன்ல அப்படியே இருக்குது. ஏரிக்கரையில நீயும் மாப்பிள்ளையும் நிக்கறீங்க, பின்னால உங்க பிக்கப்பு, அதுல சின்ன ரூம்பு மாதிரி ஒரு வண்டி மாட்டியிருக்குது. பெருசு பண்ணிப் பாத்தேன். ரெண்டு சங்கிலி, குறுக்கால, பளபளன்னு. உன் வண்டிக்கு ரெண்டு சங்கிலி, என் புள்ளைக்கு ஒண்ணு கூட வேணாமா? நீ சொன்ன அந்தச் சரிய அவன் லைசென்ஸு மாதிரி வெச்சுக்கினு சுத்தறான். நான் சொன்னாலும் நைனா சொன்னாலும் அக்காவே சரின்னுட்டா, உங்களுக்கு இன்னா தெரியும்னு கேக்கறான். செவ்வாக்கிழமை நடந்ததுக்கு அப்புறமும் அதையேதான் சொல்றான். வளைஞ்ச கிண்ணத்தைச் சுத்தியால அடிச்சு நிமித்தி வெச்சுட்டான். வர்ற வெள்ளிக்கிழமை மறுபடியும் திருப்பதிக்குப் போறானாம், அதே ரோடு, அதே இறக்கம், சங்கிலி இல்லாம.

இன்னொண்ணு இருக்குது, அதைச் சொல்லாம உன்னை மட்டும் திட்டினா சாமிக்கு அடுக்காது. கிண்ணத்து மேல ஒரு பிடி இருக்குது, அதை அமுக்கி மூடினதும் பக்கத்துல இருக்கிற ஓட்டையில ஒரு பின்னு சொருவணும், அப்பதான் குலுங்கினாலும் தொறக்காது. ஆயுத பூசை அன்னிக்கு வண்டிங்களுக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வெச்சுட்டு, மஞ்சக் கயிறு கட்ட எடம் தேடினேன். புது சாமானுக்கும் கட்டணும்னு ஆசை. ஒரு ஓட்டை நல்லா வாட்டமா தெரிஞ்சுது. அதுல கயிறை மூணு சுத்து சுத்தி மஞ்சக் கொம்பு வெச்சு இறுக்கி முடிச்சு போட்டுட்டேன். நம்ம வூட்டுல பூசையில கட்டின கயிறை யாரும் அறுக்க மாட்டாங்க, தானா இத்துப்போய் விழணும். உனக்கே தெரியும், படிக்கிற காலத்துல உன் சைக்கிள் ஹாண்டில்ல வருஷம் பூரா தொங்கும். அவனும் அறுக்கலை. பின்னை எடுத்து பிக்கப்பு உள்ள விபூதிப் பொட்டலத்தோட போட்டுட்டு, மூணு வாரம் பின்னு இல்லாமலே ஓட்டியிருக்கான். செவ்வாக்கிழமை சாயங்காலம் வண்டிய வூட்டுக்குக் கொண்டாந்தப்போ கிட்ட போய்ப் பாத்தேன். கிண்ணம் வளைஞ்சு வாயத் தொறந்து கெடக்குது, ஓட்டையில என் மஞ்சக் கொம்பு அசையாம உக்காந்துக்கினு இருக்குது. இதனாலயாடான்னு கேட்டேன். பின்னு ஒடஞ்சுடுச்சும்மான்னு சொன்னான், தலையத் தூக்கலை. நைனாகிட்டயும் அதையேதான் சொல்லியிருக்கான், ரங்கையாகிட்டயும். என் பேரு வெளிய வரக் கூடாதுன்னு பொய் சொல்றான் அந்தக் கழுதை. அந்தப் பின்னு ஒடையலை, நான் உள்ள தேடி எடுத்துட்டேன், முழுசா இருக்குது.

நேத்து காலையில தலைக்குக் குளிச்சுட்டு, கற்பூரம் ஏத்தி, தப்பா நெனைச்சுக்காதே தாயின்னு சொல்லிட்டு, கத்தரியால அந்தக் கயிறை நானே அறுத்தேன். கல்யாணம் ஆகி நாப்பது வருஷமா எந்தக் கயிறையும் அறுத்ததில்ல. எழிலரசன் பக்கத்துல நின்னு பாத்தான், பின்னை வாங்கிச் சொருவிப் பாத்தான், சேந்துச்சு. சங்கிலின்னு வாயெடுத்தேன், அக்காவே சொல்லிட்டான்னு ஆரம்பிச்சான், நான் பிக்கப்பு சாவிய எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கினேன். அதான் இப்போ நெலமை. நான் கட்டினதை நான் அறுத்துட்டேன். நீ சொன்னதை நீதான் திரும்ப வாங்கணும், அதை நானோ நைனாவோ செய்ய முடியாது. தப்பு என்னுதுடா, சங்கிலி இல்லாம எடுக்காதேன்னு உன் வாயால அவன்கிட்ட சொல்லு. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கினா வெச்சுக்கட்டும், ஒரு வருஷம் பேசாம இருந்தாலும் இருக்கட்டும். ரங்கையாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன், நீ சொன்ன மறுநாள் வளையம் வெச்சுக் குடுக்கறேன்னாரு.

கொழந்தைக்குத் தலையில எண்ணெ வெய்யி, காஞ்சு கெடக்குது. மாப்பிள்ளை பனியில வண்டி ஓட்டறப்போ பின்னால இழுக்கற வண்டிய மாட்டாம இருக்கச் சொல்லு. நீங்க மூணு பேரும் தீர்க்காயுசா, ஒரு கொறையும் இல்லாம இருக்கணும், அம்மன் காப்பாத்துவா. வியாழக்கிழமைக்குள்ள தம்பிகிட்ட பேசு, அதுவரைக்கும் சாவி என் முந்தானைய விட்டு எறங்காது. அவன்கிட்ட பேசாம எனக்குப் போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். பேசிட்டு வா, அப்போ கொழந்தைய காட்டு.

உன் மேல கோவமா இருக்கிற
உன் அம்மா
வே. தனபாக்கியம்