அவர் கழித்துப்போட்ட கல்

மார்ச் 4

கல் உருட்டும் மெஷின் வந்துவிட்டது. பால் டின் அளவுக்கு ஒரு ரப்பர் உருளை. கல்லையும் தண்ணீரையும் சொரசொரப்பான பொடியையும் போட்டு வாரக்கணக்கில் சுழலவிட்டால் கற்கள் வழவழவென்று மின்னுமாம். வாங்கியது இவருக்காக. பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை சொன்ன பேச்சு கேட்பதில்லை. பேச்சும் பாதிச் சொல்லில் நின்றுவிடுகிறது. சின்னப் பொருட்களைப் பொறுக்கிப் பிரிக்கச் சொல்லுங்கள் என்றாள் பிசியோதெரபிப் பெண். பட்டாணி கொடுத்தேன். முறைத்தார். காலமெல்லாம் பல் பிடுங்கிய டாக்டரிடம் பட்டாணியை நீட்டினால்?

மார்ச் 6

ஒரு பை முரட்டுக் கற்கள் வாங்கிவந்தேன். கணக்கு டீச்சர் அல்லவா, பாடமே எடுத்தேன்: எல்லாம் ஒரே கடினத்தில் இருக்க வேண்டும். விரிசல், ஓட்டை ஆகாது. பெரிசும் சிறிசும் கலந்து போட வேண்டும். கத்தியால் கீறிக் கோடு விழுந்தால் மெத்தென்ற கல், சேர்க்கக் கூடாது.

பச்சைக் கற்களில் கோடு விழுந்தது. ஆனால் என்ன அழகு! கொஞ்சம் போட்டால் குடியா முழுகிவிடும்? சேர்த்துவிட்டேன்.

இவர் ஒரு கல்லுக்குக் கை நீட்டினார். விரல் மடங்கவில்லை. நானே எடுத்துப் போட்டேன். அடுத்ததையும். அப்புறம் எல்லாவற்றையும். நிமிர்ந்து பார்த்தால் மனுஷர் டிவி முன்னால்.

மார்ச் 7

கடகடவென்று ஓடுகிறது. வீட்டுக்குள் ஒரு மாவு மில்.

மார்ச் 15

திறந்தேன். பச்சைக் கற்களைக் காணோம், சேறாகிவிட்டன. மற்றவை அம்மைத் தழும்போடு கிடக்கின்றன. சேற்றைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றிக் கழுவினேன்.

மார்ச் 16

தொட்டி அடைத்துக்கொண்டது. சிமெண்ட் கரைத்தது யார் என்று பிளம்பர் கேட்டார். இவர் இடது கையால் என்னைக் காட்டிக்கொடுத்தார். சிரித்தார் வேறு.

மார்ச் 18

பிசியோதெரபிப் பெண் கையை மடக்கிப் பார்த்தாள். முன்னேற்றம் இல்லையாம். கல்லைப் பொறுக்கியது யார் என்று கேட்டாள். இவர் பதில் சொல்ல வாயெடுத்தார் — "நா…" — நான்தான் பொறுக்கினேன் என்று நானே முந்திக்கொண்டு முடித்துவைத்தேன்.

"மேடம், கை யாருக்குங்க சரியாகணும்?" என்றாள்.

எல்லாத்தையும் நானே செய்யணும்னு எனக்கு மட்டும் ஆசையா? அவர் திணறுறதப் பாக்க முடியல. அவ்வளவுதான். அவர் கை இப்படியே நின்னுபோயிடுமோன்னு பயம். அந்தப் பயத்துல அவர் கைய நானே கட்டிப்போட்டிருக்கேன். புத்திசாலி டீச்சர்!

மார்ச் 19

புதுக் கற்களைக் கொட்டிவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் எடுத்த கல்லெல்லாம் நழுவியது. என் கைதான் மரத்துப்போனது.

மார்ச் 24

கல் எடுப்பதில் அவர் கொஞ்சம் தேறியிருக்கிறார். வாயை மூடிக்கொண்டிருப்பதில் எனக்கு இன்னும் அரியர்ஸ்.

ஏப்ரல் 2

இன்று மெஷினுக்குள் போக வேண்டிய கற்களைப் பிரித்தோம். பிரித்தோம் என்ன, பிரித்தார். என் பங்கு, ஆசைப்பட்ட ஒரே ஒரு கல்லை நல்ல கற்களோடு நைசாகச் சேர்த்தது. தேன் நிறம், நடுவே வெள்ளைக் கோடு. அடியில் ஒரு குட்டி ஓட்டை. அதைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தேன்.

வலது கையை நீட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மெல்லச் சேர்ந்தன. கல்லைத் தூக்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். ஓட்டையில் பார்வை நின்றது.

"சொ…" என்றார்.

என் நாக்கு நுனியில் நாலு சொல் தயார். பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் கழுத்து நரம்பு புடைத்தது, கண் கலங்கியது. போதுங்க, விடுங்க என்று சொல்லத் தோன்றியது.

"சொத்தை" என்றார்.

கிளினிக்கில் சொல்வாரே, அதே அலட்சியம். கல்லைக் குப்பைத் தட்டில் போட்டார், அதே வலது கையால். அடுத்த ஆள் வரலாம் என்பதுபோல விரலை ஆட்டினார்.

அந்த ஒரு ஓட்டையால் என்ன கெட்டுவிடும் என்று வாதாட வாய் பரபரத்தது. அழுகை முந்திக்கொண்டது. அழுதுகொண்டே அடுத்த கல்லை அவர் பக்கம் நகர்த்தினேன்.

சாயங்காலம் மெஷின் ஓட ஆரம்பித்தது. உள்ளே நான் பொறுக்கிய கல் ஒன்றுகூட இல்லை.