துர்கா திரும்பிப் பார்க்கவில்லை

வியாழன், இரவு

என் மகள் துர்காவுக்குக் காது கேட்காது. பின்னால் ஹாரன் அடித்தால் தோளில் அதிரும்படி, அவள் சட்டைக்குள் மைக்கையும் சின்ன மோட்டாரையும் மின்சாரம் கடத்தும் நூலால் தைத்துக் கொடுத்திருந்தேன். இன்று அம்மா மண்டபம் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தும் சட்டை அதிரவில்லை. பூக்கார அக்காதான் அவளைப் பிடித்து இழுத்திருக்கிறார்.

"பாப்பா திரும்பியே பாக்கலைங்க," என்றார்.

முன்பெல்லாம் நாலடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். சட்டை வந்ததும் விட்டுவிட்டாள்.

வியர்வையில் நூல் கறுத்து அறுந்திருந்தது. எல்லாவற்றையும் பிரித்துவிடக் கத்தரியை எடுத்தேன். துர்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, போனில் எழுதிக் காட்டினாள்: "சரி பண்ணிக் குடும்மா. நானும் திரும்பிப் பாக்கறேன்."

புது நூலில் தைத்துவிட்டேன். நாளை நானும் கூடப் போகிறேன். போனால், நான் இருக்கிறேன் என்று மறுபடி திரும்பாமல் நடப்பாளோ?