பிறந்த வீட்டுப் பானை

9-1-1958, வியாழன்

புது வீட்டுக்கு வெள்ளையடிப்பு முடிந்தது. மின்சாரமும் வந்துவிட்டது. ஏழு அறைக்கும் விளக்கு. நான் இருக்கும் அறையில் மட்டும் போடுகிறேன். தீக்குச்சியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து எரித்த வீட்டில் வளர்ந்த கை. உப்பளத்துக் கணக்கப்பிள்ளை சிரிக்கிறார். சிரிக்கட்டும். ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்.

இந்த வீடு யாரால் வந்தது? அய்யாவும் அம்மாவும் போன பிறகு, அண்ணன் மூக்கையா உப்பூரில் கூலிக்குப் போய், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, நாலு பவுன் போட்டு என்னைக் கட்டிக்கொடுத்தார். நாற்பத்தேழில் உப்பு வரி எடுபட்டதும், அந்த நாலு பவுனை விற்றுத்தான் நானும் என் வீட்டுக்காரரும் உப்பளம் போட்டோம். அவர் போய் மூன்று வருஷம். பிள்ளை இல்லை. அளம் மட்டும் பெருகுகிறது. நான் நன்றி சொல்ல இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அண்ணன் ஒருவர்தான். 24ஆம் தேதி பால் காய்ச்சுகிறோம். அவர் வர வேண்டும்.

12-1-1958

உப்பூர் போய் அழைத்தேன். “பாப்போம் தாயி” என்றார் அண்ணன். அவ்வளவுதான். காரில் ஏறும்போது மதினி முருகம்மாள் மட்டும் பின்னால் வந்தார்.

“பொறந்த வீட்டுச் சீருன்னு ஊரே பாக்குமே வள்ளி. பானை, அரிசி, விளக்குன்னு எதைக் கொண்டாருவாக? ரெண்டு வருசமா மானம் பாத்த பூமி காஞ்சு கெடக்கு. வெறுங்கையோட உன் மாடி வீட்டுக்கு எப்பிடி வருவாக?”

19-1-1958

ஒரு வழி கண்டுபிடித்தேன். பித்தளைப் பானை, குத்துவிளக்கு, ஒரு மூட்டை அரிசி, பட்டு — எல்லாம் வாங்கி, நம் உப்பு லாரி ஓட்டும் அலியாரிடம் கொடுத்து உப்பூருக்கு அனுப்பிவிட்டேன். அண்ணன் அதையே சீராகக் கொண்டுவந்து இறக்கட்டும். ஊருக்குத் தெரியப் போகிறதா? என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

20-1-1958

லாரி திரும்பிவிட்டது. மூட்டையின் முடிச்சுகூட அவிழ்க்கவில்லை.

என்ன சொன்னார் என்று கேட்டேன். அலியார் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். “‘என் தங்கச்சிக்கு நான் செய்யுற சீர அவளே வாங்கி அனுப்புறாளா? அம்புட்டுக்கா நான் கெட்டுப்போயிட்டேன்?’னாகம்மா. எனக்குக் கஞ்சி ஊத்திக் குடுத்து அனுப்பிட்டாக.”

அய்யோ, என்ன காரியம் செஞ்சு தொலைச்சேன். யாரு கேட்டா என் சாமர்த்தியத்த? அண்ணன் மூஞ்சில இனி எப்பிடி முழிப்பேன்?

24-1-1958, வெள்ளி

பால் காய்ச்சினோம். ‘காய்ச்சினோம்’ என்பது சும்மா. தாலி அறுத்தவள் அடுப்பைத் தொடக் கூடாதாம். கணக்கப்பிள்ளையின் மனைவி நாகலெட்சுமிதான் காய்ச்சினாள், நான் வாங்கிய அதே பித்தளைப் பானையில். பொங்கியதும் பெண்கள் குலவையிட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“பொறந்த வீட்டாளுக எங்கன?” என்று நாலைந்து பேர் கேட்டார்கள். அண்ணனுக்குக் காய்ச்சல் என்றேன். முந்நூறு பேர் சாப்பிட்டுப் போனார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

3-2-1958

பேச்சுத்துணைக்குக் கணக்கப்பிள்ளை. அவரும் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுகிறார்.

17-2-1958

அண்ணனுக்கு அனுப்பிய மணியார்டர் திரும்பி வந்தது. ‘வாங்க மறுத்தார்.’ மறுபடியும் அதே தப்பு. என்னிடம் கொடுப்பதற்குப் பணத்தைத் தவிர வேறு ஒன்றுமே இல்லையா?

2-3-1958, ஞாயிறு

காரை விட்டுவிட்டுத் தொண்டி பஸ்ஸில் உப்பூர் போனேன். உச்சி வெயில். அண்ணன் வேலி கட்டிக்கொண்டிருந்தார். காலில் விழ வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

“அண்ணே, பசிக்குது.”

வேலி முள்ளைக் கீழே போட்டார். கையைக் கழுவிவிட்டு அவரே வட்டிலை எடுத்து வைத்தார். கேப்பைக் கூழ், சுட்ட கருவாடு. இரண்டாந்தரமும் வாங்கிக் குடித்தேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் எதுவுமே கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கொடுக்க மட்டுமே போயிருக்கிறேன், பெரிய மனுஷி மாதிரி.

“அண்ணே, எனக்குப் பொறந்த வீட்டுப் பானை ஒண்ணு வேணும். வாங்கித் தா.”

காலி வட்டிலை எடுத்துக் கழுவி வைத்தார். பிறகு, “எம்புட்டுப் பெருசு?” என்றார்.

“ஒருத்திக்குப் பொங்குற அளவுக்கு.”

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

10-3-1958

அண்ணன் வந்தார்! பஸ்ஸில், துண்டில் சுற்றிய மண்பானையை மடியில் வைத்துக்கொண்டு. குயவர் அறுபது நயா பைசா சொன்னாராம். அரை மணி நேரம் பேசி ஐம்பதுக்கு முடித்தாராம். அதைச் சொல்லும்போது அவ்வளவு பெருமை. மதினி இரண்டு நாள் கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்கித் தந்திருந்தார்.

பாலை வைத்துக்கொண்டு அடுப்பருகில் தயங்கினேன். “என்ன பாக்குற? நீயே ஊத்து தாயி. உன் அடுப்பு” என்றார். ஊற்றினேன். பொங்கியது. குலவையிட ஆள் இல்லை. அண்ணன் இரண்டு டம்ளர் குடித்தார்.

மாடியைப் பார்க்கவில்லை, முழங்கால் வலியாம். நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். வீடு பழையபடி ஆகிவிட்டது.

அடுத்து அவரிடம் என்ன கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.