அம்மா நன்றாக இருக்கிறாள்

பிள்ளைப்பாக்கம்,
16.3.2014, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி சுடலைக்கு,

அக்கா இசக்கிசெல்வி எழுதுவது. நான் நலம். அம்மாவும் நலம். அம்மா நலம் என்பதை இன்னொரு தடவை படித்துக்கொள். நேற்றுக்கூட வயலில் மிளகாய் பறித்துவிட்டு வந்துதான் போனில் பேசினாள். ஏன் இப்படி அழுத்தி எழுதுகிறேன் என்று சொல்கிறேன், அவசரப்படாதே.

திங்கட்கிழமை நீ அனுப்பிய மெயிலை ஸ்ரீபெரும்புதூர் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்து ரூமில் படித்தேன். வழக்கம்போல ரூம் பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். பி ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டிய கவியா தலை பின்னிக்கொண்டே கேட்டாள். திங்கள் துணி துவைத்துவிட்டு டவுனுக்குப் போய் மெயில் அனுப்புவது, அப்புறம் இரண்டு நாள் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றுவது, வியாழன் ஆஸ்பத்திரி வார்டு, வெள்ளி உபவாசம், சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் குழி தோண்டுவது, ஞாயிறு அவர்கள் பாஷையில் பிரசங்கம் செய்து சிரிப்பு வாங்குவது. உன் வாரம் இங்கே எல்லாருக்கும் மனப்பாடம். நீ ஊழியத்துக்குப் போயிருக்கும் மலாவி ஆப்பிரிக்காவில் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவளுக்கும் நீ இன்றைக்கு என்ன செய்துகொண்டிருப்பாய் என்று தெரியும். அங்கே மக்காச்சோள மாவில் களி கிண்டிக் கையால் சாப்பிடுகிறார்கள் என்று எழுதினாயே, அதிலிருந்து அந்த ஊர் இவர்களுக்கு நம் நாங்குநேரிக்குப் பக்கம் வந்துவிட்டது.

இந்த வாரம் எத்தனை பேர் கர்த்தரிடம் வந்தார்கள் என்று உங்கள் பெரிய ஊழியக்காரர் வாராவாரம் கேட்பதையும், நீ மாதக்கணக்காக ஒருவரும் இல்லை என்றே பதில் எழுதுவதையும் படித்தபோது செல்லக்கனி விழுந்து விழுந்து சிரித்தாள். அவுட்புட் ஜீரோ என்றால் நம் சூப்பர்வைசர் தோலை உரித்துவிடுவார் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் தம்பி நினைத்தால் பத்துப் பேர் என்று எழுதலாம், அங்கே போய் எவன் எண்ணிப் பார்ப்பான், அவன் இல்லை என்று எழுதுகிறான், அந்த மாதிரி ஒருத்தனை நம் கம்பெனி லைனில் காட்டு பார்க்கலாம் என்று கேட்டேன். 

இனி விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை அப்பா போன் செய்தார். சித்திரையில் நம் சுடலைமாடன் கோயில் கொடை விழா வைத்திருக்கிறார்கள். சாமியாடி ராத்திரியில் சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகும்போது முன்னால் தீப்பந்தம் பிடிப்பது நம் வீட்டு ஆண்பிள்ளை. அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது. நீ வராவிட்டால் அந்த உரிமை சித்தப்பா மகன் வேல்ராஜுக்குப் போய்விடும். இங்கே வல்லம் வடகால் சபையில் நீ ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து உன்னோடு பேசாத மனிதர், இப்போது உன்னை வரவழைக்க என்னைப் பிடித்தார். அம்மா சாகக் கிடக்கிறாள், உடனே வா என்று நான் எழுத வேண்டுமாம். "நீ எழுதுனாத்தான் அவன் நம்புவான். எழுதுட்டி" என்றார். நீ வந்து இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்களாம். பெண் கூடப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

எழுத மாட்டேன் என்றேன். அப்படியென்றால் பந்தத்தை எவன் பிடிப்பான் என்று கத்தினார்.

"நான் பிடிக்கேன்" என்றேன்.

 பொட்டைப்பிள்ளை சுடுகாட்டுக்குப் போவாயா என்று கேட்டார். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து ஏரிக்கரை இருட்டில் ரூமுக்கு நடக்கிறேனே, அப்போது நான் பொட்டைப்பிள்ளை என்று யாருக்காவது ஞாபகம் வந்ததா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.  சொன்ன சொல்லில் மாற்றம் இல்லை. லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கொடைக்குப் போவேன், பந்தத்தைக் கேட்பேன். தர மாட்டோம் என்று ஊர்முன்னால் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்காரக் காவேரி அக்கா சத்தம் கேட்டு வந்துவிட்டார்கள். "இன்னாம்மா, அப்பாவாண்ட இப்டி பேசிக்கினு கீற" என்று ஆரம்பித்தவர்கள், முழுக் கதையும் கேட்டபின், பெற்றவளைச் சாகடித்தா பிள்ளையைக் கூப்பிடுவார்கள் என்று அப்பாவைத் திட்டினார்கள். வல்லக்கோட்டை முருகனுக்கு உன் பேரில் அர்ச்சனை செய்யப் போகிறார்களாம். நட்சத்திரம் கேட்டார்கள், சொன்னேன். உனக்குப் பிடிக்காது. நான் உன்னிடம் அனுமதி கேட்கவில்லை.

உன் சாமியை நான் கும்பிடவில்லை, கும்பிடப் போவதும் இல்லை. நீ மாறினதில் எனக்கு வந்த கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் சபையில் சாமுவேல் என்று பேர் வைக்கச் சொன்னபோது, சுடலை என்ற பேரே போதும் என்று நின்றாய் பார், அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. என் தம்பி பொய்க்குப் பயந்து ஊர் திரும்பக் கூடாது. வருவதென்றால் உன் இஷ்டத்துக்கு வா.

நேற்று மரகதம் அத்தை போனிலிருந்து, அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா கூப்பிட்டாள். "எம்பேரச் சொல்லிப் பொய் எழுதாத. நான் கல்லு மாதிரி இருக்கேன்னு எழுது" என்றாள். அப்புறம், அங்கே அவனுக்கு மோர் கிடைக்கிறதா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மறக்காமல் எழுது.

அப்பா சும்மா இருக்க மாட்டார். வேல்ராஜை விட்டாவது உனக்கு எழுத வைப்பார். யார் எழுதினாலும் நம்பாதே. இந்தக் கடிதம் மாதிரி என் கையெழுத்து ஸ்கேனாகி மெயிலில் வராமல் இருந்த இடத்தை விட்டு அசையாதே. உன் சாமியும் நம் சாமியும் சண்டை போட்டுக்கொள்ளாமல் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், தம்பி. அம்மாவுக்கு ஒரு நாள் நிஜமாகவே முடியாமல் போகும். அன்றைக்கும் நான்தான் எழுதுவேன். ஒரு வரிதான் இருக்கும். அதைப் பார்த்ததும் யாரிடமும் உத்தரவு கேட்காதே, ஜெபம் முடியட்டும் என்று நிற்காதே, உடனே கிளம்பி வந்துவிடு. அந்த ஒரு வரியை நீ நம்ப வேண்டும் என்றுதான் இன்றைக்கு அப்பாவை எதிர்த்து நின்றேன்.

உன் அக்கா,
இசக்கிசெல்வி