பிடுங்கிப் போட்ட பருப்புக்கீரை

சாவி சன்னலில் இருக்கிறது.

எனக்கு முதலில் வாழ்க்கைப்பட்ட உன் அக்கா சாகும்வரை கிள்ளிச் சமைத்த பருப்புக்கீரையைக் கொல்லை மூலையில் பிடுங்கிப் போடுகிறாய். மறுவாரமே அதே மூலையில் நிற்கிறது. “நீங்கதான் திரும்ப நடுறீங்க, இல்லன்னா அவதான் வர்றா” என்று அழுதாய். அதிலிருந்து என்னிடம் பேச்சில்லை.

நீ பிடுங்கியதைப் புரட்டிப் பார்த்தேன். தடித்த தண்டில் தண்ணீர் இருக்கிறது. அதனால் வாடாமல், கிடந்தபடியே மண்ணில் புதுவேர் விட்டிருக்கிறது. நானும் நடவில்லை, அவளும் வரவில்லை.

கொஞ்சம் வதக்கி மூடி வைத்திருக்கிறேன். லேசாகப் புளிக்கும். வாசனை வந்தபோது நானும் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

பி.கு.: ஒடித்ததும் பால் வந்தால் அது வேறு செடி, சமைக்காதே. இதில் வெறும் நீர்தான் வரும். இனிப் பிடுங்கினால் மண்ணில் போடாதே, சட்டியில் போடு.